கிளியை விருந்துக்கு அழைத்த கவிராயர்

புதுச் சுண்ணாம்பின் நெடி இன்றைக்கும் எனக்குக் குமட்டும். வெள்ளைக்காரன் காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, கொல்லிமலையில் சில சிற்றூர்கள் சேர்ந்த எங்கள் பெரக்கரை நாட்டின் முதல் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்களே, அப்போது மூக்கில் ஏறிய நெடி அது. அதைக் கட்டியவரைக் "கவிராயர்" என்போம். சமவெளியில் பள்ளிகளும் ஒரு தமிழ்ச் சங்கமும் தொடங்கிவிட்டு, அது போதாதென்று மலையேறி வந்தவர். எதைப் பார்த்தாலும் பாட்டு எழுதுவார். எதையும் சரியாகப் பார்க்கமாட்டார்.

எங்கள் பக்கத்தில் தினை முற்றினாலும் உடனே அறுத்துவிட முடியாது. நாட்டுப் பெரியவர்கள் கூடி நாள் குறித்து, ஊர்ச் சாமிக்குப் புதுக்கதிர் படைத்த பிறகுதான் எந்த வீட்டிலும் அரிவாளைத் தொடலாம். அதுவரை கதிரைக் கிளியிடமிருந்து காப்பது பிள்ளைகள் வேலை. எங்கள் தினைக்காட்டில் ஒரு காவல் பரண் மேல் நான், எதிர்ப் பரண் மேல் என் அக்காள். முந்தின விளைச்சல் பொய்த்திருந்ததால், "இந்தத் தடவையும் போச்சுன்னா பெரியவளைக் கீழே முள்ளுக்குறிச்சிக்கு ஊட்டு வேலைக்கு அனுப்பறதுதான்" என்று அப்பன் சொல்லியிருந்தார். அக்காள் அந்தப் பயத்தோடுதான் பரணில் உட்கார்ந்திருந்தாள்.

நாள் குறிக்கும் கூட்டத்துக்கு அப்பனும் அம்மாளும் போயிருந்த காலையில் கவிராயர் எங்கள் காட்டுக்கே வந்துவிட்டார். பள்ளிக்கு மானியம் தருவதற்கு முன் பார்வையிட ஒரு துரை வருகிறாராம். அங்கே படிக்கும் எனக்குப் பாடக் குரல் உண்டாம். வரிசைக்கு ஆள் குறைகிறதாம். பள்ளிக்கூடத்தில் கால் வைத்தேயிராத அக்காளும் வந்து நிற்க வேண்டுமாம்.

"கிளி எறங்கிருமுங்க சாமி. அப்பன் வந்தாக் கொன்னுபோடுமுங்க" என்று அக்காள் கெஞ்சினாள்.

"ஒரு நாழிகைதான், குழந்தாய். கிளிகளும் நம் விருந்தாளிகள்தாமே" என்று சிரித்தபடி எங்களைப் பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டார் அந்த மனிதர்.

துரை மலையேறி வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை யாரும் ஓடிவிடக் கூடாதென்று கதவை வெளியே தாழிட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் பாடியது என்ன தெரியுமா? தினை தின்ன வரச்சொல்லிக் கிளியைக் கூப்பிடும் பாட்டு, கவிராயரே கட்டியது! தினைக்காட்டுக்காரன் எவனாவது கிளியை விருந்துக்கு அழைப்பானா? துரை கைதட்டினார். அக்காள் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது காட்டில் மணியில்லாத வெறும் தட்டைதான் நின்றது. கூட்டம் முடிந்து வந்த அப்பன் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். "ஏனுங்க, எங்க வருசத்துச் சோத்தைக் கிளிக்குப் போட்டுட்டீங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டார். கவிராயர் கண்கலங்கினார். கலங்கிய கையோடு அதையும் ஒரு பாட்டாக்கிவிட்டார். அந்த மாதமே அக்காள் மலையிறங்கினாள்.

இன்று மலைக்கு பஸ் போகிறது. தினை போட்ட சரிவெல்லாம் மரவள்ளி, பரண்களைக் காணோம். பள்ளிக்கூடம் மட்டும் மாடி கட்டி வளர்ந்திருக்கிறது. அங்கே கவிராயருக்குச் சிலை திறக்கிறார்கள். அவரிடம் படித்து வாத்தியாரம்மாவாகி ஓய்வும் பெற்ற நான் வந்து புகழ்ந்து பேச வேண்டுமாம். எனக்கு எழுத்துக் கொடுத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் போகமாட்டேன். அக்காள் ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்தே முள்ளுக்குறிச்சியில் செத்துப்போனாள்; கடைசிவரை கைநாட்டுத்தான். விழா மலரில், அன்று துரையோடு வந்தவர் பிடித்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். வரிசையின் ஓரத்தில் அக்காள் நிற்கிறாள். கீழே அச்சடித்திருக்கிறது: கவிராயரால் எழுத்தறிவு பெற்ற முதல் மாணவியர்.