கீனன் ஒளித்த இடம்

பார்க்டேலில் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் கீனன் தனியாக இருந்தார். எழுபத்தாறு வயது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ரொறன்ரோவில் நாற்பது ஆண்டுகள் மற்றவர்களின் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசியவர். பாரிசவாதம் ஒரு பக்கத்தை இழுத்து, நினைவையும் குழப்பிய பிறகு, நகரின் மறுகோடியான மில்லிக்கனிலிருந்து பராமரிப்புப் பணியாளர் அருள்மலர் தினமும் வந்து அவரைக் குளிப்பாட்டி, மருந்துக் குளிசை கொடுத்து, சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள்.

நினைவு தெளிந்த நாட்களில் அவர் ஊர்க்கதை சொல்வார். வேலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மறித்து, பையைத் தரையில் கொட்டச் சொல்வார்களாம். பெயரைக் கேட்டவுடனே கத்தோலிக்கன் என்று தெரிந்துவிடுமாம். 1971 ஓகஸ்டில் ஒரு விடியற்காலை அவருடைய தம்பியைக் கட்டிலில் இருந்தே இழுத்துப் போனார்கள். வழக்குமில்லை, விசாரணையுமில்லை. கீனன் பின்மதிலால் பாய்ந்து தப்பினார். தம்பி சிறையிலிருந்து வெளியே வருமுன்னரே கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குள் வளர்ந்த அருள்மலர் அதற்குமேல் கேட்டதில்லை.

அந்தத் தை மாதக் காலையில் குளிர் மைனஸ் பதினெட்டு. பல்கனியில் புறாக்கள் அசிங்கப்படுத்திக்கொண்டிருந்தன. அவள் ஒரு பெரிய சட்டிமூடியை எடுத்துக்கொண்டு வெளியே போய், சீமெந்துத் தரையில் படபடவென்று அடித்தாள். புறாக்கள் பறந்தன. உள்ளே வந்தபோது கீனனின் கதிரை வெறுமையாக இருந்தது. வாசற்கதவு திறந்து கிடந்தது. அவருடைய சப்பாத்து வாசலிலும் ஜக்கெற் கொழுவியிலும் இருந்தன.

கட்டடத்தைப் பராமரிக்கும் நிரூபனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“முன்வாசலால போகேல்லை அக்கா, கமெராவில பாத்திட்டன். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு கிழவன் எவ்வளவு தூரம் போகும்?”

“சிரிக்காதை. வெறுங்காலோட போயிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் அடி.”

அவளுடைய ஊரில் முன்வாசலில் ஆமி நின்றால் யாரும் முன்வாசலால் போவதில்லை. அவள் பின்படியால் இறங்கினாள். கட்டடத்தின் பின் ஒழுங்கைக்குத் திறக்கும் குப்பை அறையின் கதவு பாதி திறந்து, உள்ளே பனி தூவியிருந்தது. பெரிய தொட்டிக்குப் பின்னால் கீனன் குந்தியிருந்தார். உதடு நீலம். அவளைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார்.

“கேட்கவில்லையா? பெண்கள் குப்பைவாளி மூடியை அடிக்கிறார்கள்,” என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். “சிப்பாய்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள்.”

 கோண்டாவிலில் ஆமி வருவதை நாய்கள் குலைத்துத்தான் சொல்லும். இவருடைய தெருவில் மூடிகள். இன்று அடித்தது அவள்.

‘அவர்கள் போய்விட்டார்கள்’ என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். அப்படிக் கூப்பிட்ட குரலை நம்பி அவளுடைய ஊரில் யாரும் வெளியே வந்ததில்லை. கழுத்தில் துவக்கு வைத்து ஆமிக்காரர் அயலவரைக் கொண்டே கூப்பிடவைப்பார்கள்.

“இந்த இடம் அவர்களுக்குத் தெரியும்,” என்றாள் மெதுவாக. “பக்கத்தில் நல்ல ஒளிப்பிடம் இருக்கிறது.”

பக்கத்திலிருந்த கொதிகலன் அறை சூடாக இருந்தது. தன் ஜக்கெற்றால் அவரைப் போர்த்தி, பாதங்களை மடியில் வைத்து, சால்வையால் சுற்றினாள். அவர் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நீயும் வெளியே போகாதே. பெண்களையும் அடிப்பார்கள்.”

வெளியே நடையில் கனத்த சப்பாத்துகள் வந்தன. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தன. ஆம்புலன்ஸ்காரர் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிடச் சொன்னவளே அவள்.  இருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், கீனனைப் போலவே.

சப்பாத்துகள் கதவைத் தாண்டின. நிரூபனின் குரல் தூரத்தில் கேட்டது: “இஞ்சை இல்லைப்போல கிடக்கு.”

சால்வையை விலக்கிப் பார்த்தாள். கால்விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. அவருடைய பிடியைக் கழற்றி எழுந்தாள்.

“வேண்டாம்,” என்றார் கீனன்.

அவள் கதவைத் திறந்து, “இஞ்சை,” என்றாள்.

ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். அடுத்த கிழமை கீனன் வீடு திரும்பினார். அருள்மலர் நீட்டிய குளிசையை அவர் வாங்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தவளின் முகத்தையும் பார்க்கவில்லை.