பஞ்சக்காவுக்கு வந்த குமட்டல்

பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஊருக்கெல்லாம் அவள் பஞ்சக்கா. சாவி வெட்டும் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் அவளுடைய அறை. கதவில் 'தையல்' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன தையல் என்று எழுதாததற்குக் காரணம் இருந்தது. மார்பில் புற்றுநோய் வந்து அறுத்து எடுத்த பெண்களுக்கு, எடுத்த இடத்தை ஈடுகட்டும் உள்ளாடை தைக்கிறவள் அவள்.

முன்பு உள்ளாடைத் தொழிற்சாலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்த அக்காவுக்கு அந்த நோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அக்கா காலுறையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வெளியே போனாள். நடக்க நடக்க அது கழுத்துப் பக்கம் ஏறிவரும். அதைப் பார்க்கச் சகிக்காமல் தங்கை பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பஞ்சுக்குக் கனம் போதவில்லை, ஒரு தோள் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் சின்னச் சின்ன மணிகளைப் பைபோல வைத்துத் தைத்ததும் தோள் இறங்கிற்று. கண்ணாடியில் பார்த்த அக்கா, "சனியனே, இதை முன்னாடியே செஞ்சு தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அக்கா பிழைக்கவில்லை. அவளோடு ஆஸ்பத்திரியில் பழகியவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தேடி வந்தார்கள். அப்படித்தான் தொழில் அமைந்தது.

அந்த அறைக்குள் பஞ்சக்காவுக்கு ஒரே சட்டம். யார் வந்தார், என்ன அளவு, எந்தப் பக்கம் என்பது அவள் வாயிலிருந்து வராது. லிப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன்கூட, படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். "ஒரு நாளைக்கு ஏழு டீ ஆகுது. உன் தொழில் ரகசியத்துக்கு என் வயிறுதான் பலி" என்பார்.

வாடிக்கை பெருகியபோது மகள் அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்தாள். எல்லார் போனிலும் இருக்கிற ஆப் ஒன்றில் கடைக்கு ஒரு பக்கம். படம் போடலாம், செய்தி வரும், அங்கேயே பணமும் கட்டிவிடலாம். வெளியூரில் படுத்த படுக்கையாக இருந்தவர்கள்கூட அளவெடுத்து அனுப்பினார்கள், பொட்டலம் வீட்டுக்கே போயிற்று. பஞ்சக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "காசும் கேக்கல, இவ்வளவும் செய்யுறானே, எந்த மகராசன்டி இவன்?" என்று மகளிடம் கேட்டாள்.

எந்த மகராசன் என்பது டீச்சர் வந்த அன்றைக்குத் தெரிந்தது.

டீச்சர் இரண்டு வருஷமாக வருகிறவள். சிறுநீரகத்தில் கல் என்று சொல்லி லீவு போட்டு, ஆப்பரேஷன் முடித்து, பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாமல் வேலைக்குத் திரும்பியவள். அன்று அளவெடுக்க வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தி போனைத் திறந்திருக்கா. 'உங்கள் தோழி இந்தக் கடையைப் பின்தொடர்கிறார், உங்களுக்கும் பிடிக்கலாம்'னு என் போட்டோவோட வந்திருக்கு. உங்க கடை."

பஞ்சக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பல. அதுவா காட்டுது. உங்க கடைப் பக்கத்துல நான் ஒரு தடவை ஒரு பட்டனை அழுத்தினேனாம். இப்ப யாரும் என் முகத்தைப் பாத்துப் பேசுறதில்லக்கா. கழுத்துக்குக் கீழதான் பாக்குறாங்க. எது நெசம், எது பஞ்சுன்னு கணக்குப் போடுறாங்க. பியூன் உட்பட."

டீச்சர் அழவில்லை. எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

பஞ்சக்கா மகளைக் கூப்பிட்டு அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுத வைத்தாள். அடுத்த நிமிஷமே பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' கீழே ஐந்து நட்சத்திரங்கள் மினுக்கின. அதற்கும் கீழே, இறந்தபின் குடும்பத்துக்கு உதவும் காப்பீட்டுக்கு ஒரு விளம்பரம். சாவக் காத்திருக்கிறவர்கள் வந்துபோகும் கடை என்று அந்தக் கண்ணில்லாத கம்பெனி மோப்பம் பிடித்து வைத்திருக்கிறது. எச்சில் இலையை நாய் நக்குவதுபோல இருந்தது பஞ்சக்காவுக்கு. நாய்க்காவது பசி என்று ஒரு நியாயம் உண்டு.

"எல்லாத்தையும் அழி" என்றாள். மகள் அழித்தாள். அழிப்பதற்குள் 'உறுதியாகவா?', 'உங்களைப் பிரிய வருந்துகிறோம்' என்று அது எட்டுத் தடவை காலைப் பிடித்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை நுழைந்தார். கார் ஷோரூமில் விற்பனை வேலை. பழைய டயரைக்கூடப் பளபளப்பாக்கிப் பேசத் தெரிந்தவர். வேலை நேரம் போக மீதியெல்லாம் கிரிப்டோ என்கிற இணையக் காசுதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல அத்தை? ஓசியில குடுக்கிறான்னா நம்மளைத்தான் விக்கிறான்னு அர்த்தம். என்கிட்ட விடுங்க. செய்தி அனுப்ப, போன் நம்பர் கூடக் கேக்காத ஆப் இருக்கு. காசுக்கு நம்ம காயின். பேங்க் கிடையாது, பேரு கிடையாது, யாருக்கும் தெரியாது."

"யாருக்குமா?"

"ஒரு ஈ காக்காய்க்கும்."

டீச்சரும் அதே ஈயையும் காக்காயையும் நம்பித்தான் இருந்தாள் என்பது பஞ்சக்காவுக்கு உறுத்திற்று. ஆனாலும் மாப்பிள்ளை சொல். தலையாட்டினாள்.

உண்மையைச் சொன்னால், அந்தச் செய்தி ஆப் அவளுக்குப் பிடித்தே போயிற்று. அவரவர் இஷ்டத்துக்குப் பேர். குருவி, தகரம், மழைக்கோட்டு என்றெல்லாம் வந்தார்கள். அனுப்பிய செய்தி ஒரு நாளில் தானாக மறைந்துவிடும். தன்னைப் போலவே வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு யந்திரம் என்று நினைத்தாள். என்ன, சில சமயம் துணி வெட்டுவதற்குள் அளவும் சேர்ந்து மறைந்துவிடும். அப்புறம் கூச்சத்தோடு திரும்பக் கேட்க வேண்டும்.

காசு விஷயம்தான் இடித்தது. வாலட் என்று ஒன்றைப் போனில் ஏற்றி, அதற்குச் சாவியாகப் பன்னிரண்டு வார்த்தைகளைக் கொடுத்து, இதை மறந்தால் கடவுளே வந்தாலும் காசு திரும்பாது என்றார் மாப்பிள்ளை. புருஷன் அதைக் கேட்டுவிட்டு, "கல்யாண நாளையே மறந்துட்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன் நான். என்னை இந்தப் பக்கமே சேர்க்காதீங்க" என்று டீ குடிக்கப் போனார். வயதான ஒருத்தி, "இந்தக் காசைக் குடுத்தா காய்கறிக்காரன் வாங்குவானாம்மா?" என்று கேட்டாள். வாங்க மாட்டான் என்றதும், "அப்ப இது காசில்ல, சீட்டு" என்று சொல்லிவிட்டு வேறு கடை தேடிப் போனாள். திங்களன்று ஒரு மதிப்பு, வெள்ளியன்று வேறு மதிப்பு. வெளியூர்க்காரர்கள் முக்கால்வாசி நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பழைய ஆப்பைத் தவிர வேறு வழி தெரியாது. அளவெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் மறுபடியும் காலுறையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறார்களோ என்று நினைக்கும்போது பஞ்சக்காவுக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் ஒரு இருபது பேர் காயினில் கட்டினார்கள். அதில் ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறவள். "பேங்க்ல யாரு என்ன வாங்குறாங்கன்னு நாங்க பாக்குற லட்சணம் எனக்குத் தெரியும்க்கா. அதான் இதுக்கு வந்தேன்" என்றாள். அவளுக்கு இரண்டு பக்கமும் எடுத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகைக்கு எடுத்த ஹாலில் காயின்காரர்கள் கூட்டம். "நீங்க அவசியம் வரணும் அத்தை" என்று மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். உள்ளே அறுபது எழுபது ஆண்கள். சென்ட் வாசனையும் வியர்வையும் கலந்து ஒரு வாடை. பஞ்சக்காவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு மாப்பிள்ளை மேடையேறினார்.

நன்றாகத்தான் பேசினார். கம்பெனிகள் நம்மை எப்படி நோட்டம் விடுகின்றன, அந்தரங்கம் ஏன் மனுஷனின் உரிமை என்றெல்லாம் சொன்னபோது டீச்சரை நினைத்துக்கொண்டு பஞ்சக்காவும் கை தட்டினாள். பிறகு அவர் சுவரில் பெரிதாக ஒரு பக்கத்தைக் காட்டினார். மேலே எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. அதன் கீழே வரிசை வரிசையாகத் தேதி, நேரம், அனுப்பியவரின் வாலட் எண், தொகை.

"எங்க அத்தையோட வாலட் இது. கேன்சர் வந்த லேடீஸுக்கு உள்ளாடை தைக்கிறாங்க. இன்னைக்கு அவங்க பிசினஸே நம்ம காயின்லதான் ஓடுது. சும்மா சொல்லல, ஒவ்வொரு வரவையும் உலகத்துல யாரு வேணா இங்க பாத்துக்கலாம். யாரும் அழிக்க முடியாது."

யாருக்கும் தெரியாது என்று சொன்ன அதே வாய்.

முன் வரிசையில் ஒருவன் கை தூக்கினான். "இதுல ரெண்டே ரெண்டு தொகைதானே திரும்பத் திரும்ப வருது?"

"ஒரு பக்கத்துக்கு ஒரு விலை, ரெண்டு பக்கத்துக்கு ஒரு விலை" என்றார் மாப்பிள்ளை, கார் மாடல் சொல்வதுபோல.

"அப்ப அந்த மூணாவது வரி டபுளு!"

ஹால் சிரித்தது. "அஞ்சாவது சிங்கிளு" என்றான் இன்னொருவன். அடுத்தடுத்த வரிகளைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிற்று. நடுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவன் போனை நோண்டிவிட்டு நிமிர்ந்தான். "பாஸ், அந்த மூணாவது வாலட்டுக்கு நான்தான் காயின் வித்தேன். ஒரு பேங்க் அம்மா. எங்க தெருப் பக்கம்தான். அட, அவங்களுக்கா? பாத்தா தெரியவே இல்லையே!"

'பாத்தா தெரியவே இல்லையே.' அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக எத்தனை பெண்கள் அவள் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார்கள்! அது இந்த வாயிலிருந்து, இந்தச் சிரிப்போடு வந்தபோது, குமட்டிற்று. பஞ்சக்கா எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், படம் காட்டும் மிஷின் மேல் தன் துணிப்பையைக் கவிழ்த்தாள். சுவர் இருண்டது.

"அத்தை..." என்றார் மாப்பிள்ளை.

"உங்க அக்கா தங்கச்சி துணியை அவுத்து இப்படிச் சுவத்துல மாட்டிட்டுச் சிரிப்பீங்களாடா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கண்ணாடிக்காரன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி, "நான் யாரு பேரையும் சொல்லலியே அத்தை" என்றார்.

"பேரைச் சொல்லாம உடம்பைக் காட்டுனா பரவாயில்லையா?" என்றாள். அன்றுவரை மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக அவர் முன் எழுந்து நின்றே பேசியவள், பேச்சு முடிவதற்கு முன்பே முதுகைக் காட்டி நடந்தாள். வாசல் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தியெடுத்தாள்.

வங்கிக்காரியிடம் வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் வங்கிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள் பஞ்சக்கா. அவள் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"தெரிஞ்சா தெரியட்டும் போன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்க்கா" என்றாள் கடைசியில். "இன்னும் அந்தத் தெம்பு வரல."

"என்னைத் திட்டு."

"திட்டி? அந்த வரியை அழிக்க முடியுமா?"

முடியாது. அதுதான் மாப்பிள்ளையின் பெருமை. அவள் அந்தத் தெருவை விட்டு வீடு மாற்றிக்கொண்டு போனாள். தைக்க மட்டும் இன்றும் பஞ்சக்காவிடம்தான் வருகிறாள், பேச்சு முன்போல இல்லை.

வங்கிக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் புருஷன் மெதுவாகக் கேட்டார். "இப்ப என்னதான் முடிவு? பழசா, புதுசா?"

"எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளி? அவன் சாவித் துவாரம் வழியா பாத்தான். இவன் பூட்டெல்லாம் பலமா போட்டுட்டுச் சுவரைக் கண்ணாடியில கட்டியிருக்கான். ரெண்டுக்கும் நடுவுல எவனாவது ஒருத்தன் அந்தப் பொம்பளைங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

ஆனால் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாதே. வாலட்டைக் காலி செய்தாள். ஒரு பக்கமோ இரண்டோ, எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்று மாற்றினாள், நஷ்டம்தான். நேரில் வருகிறவர்கள் ரொக்கமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் 'தையல் கூலி' என்று மட்டும் போட்டு வங்கியில் கட்டினார்கள். மறையும் செய்தி ஆப்பை விடவில்லை, அது செய்த குற்றம் ஒன்றுமில்லை. தங்களுக்கு அது வராது என்ற வெளியூர்க்காரிகளுக்காக, யார் நம்பரையும் பதிந்து வைக்காத ஒரு பட்டன் போன் வாங்கி, தினமும் மதியம் வரை எடுத்துப் பேசினாள். பழைய வாடிக்கையில் பாதிதான் திரும்பிற்று. மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தேடிப் பிடிக்க வழியிருக்கிறது என்று மகள் சொன்னபோது, "தேடாதே" என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை சில மாதம் வரவில்லை. பிறகு மகளோடு வந்தார். அந்தக் காயினை விட்டுவிட்டு வேறு ஒன்றுக்கு மாறியிருந்தார். அதில் தொகைகூட வெளியே தெரியாதாம், உண்மையிலேயே தெரியாதாம். ஆர்வத்தோடு ஆரம்பித்தார். பஞ்சக்கா தட்டில் சாப்பாட்டை வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அது நல்லதாவே இருக்கலாம் மாப்பிள்ளை" என்றாள். "ஆனா அதை உங்க வாயால கேக்க வேண்டாம். சாப்பிடுங்க."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ புதியவள், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வருகிறாள். புருஷன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, அவரும் டீ குடிக்கக் கிளம்பினார்.