எண்பத்தொன்று வராத செடி

ஓங்கிய கவ்வாத்துக் கத்தியைத் தயாபரன் பாதியில் நிறுத்துகிறார். இடக்கையால் தேயிலைச் செடியை விலக்கிக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணுகிறார். "ஆறு. ஒண்ணு மூச்சுக்கு. அஞ்சு வெட்டுக்கு." பிறகுதான் கத்தி இறங்குகிறது. ஐந்து வீச்சு, ஐந்தும் ஒரே சாய்வு. அடுத்த செடிக்கு நகர்வதற்குள் இடுப்பில் சுற்றிய நீலப் படங்குத் துணியில் சோக்குக் கட்டியால் ஏதோ கிறுக்கிக்கொள்கிறார். இந்த மலையில் மற்றவர்கள் காதில் பீடி செருகியிருப்பார்கள். தயாபரனின் காதில் இருப்பது சோக்கு.

"என்னடா மாப்ள, ஒன் எக்ஸ் கெடச்சிருச்சா? இல்ல, காட்டுப்பன்னி தின்னுட்டுப் போயிருச்சா?" என்று அடுத்த நிரையிலிருந்து கேட்கிறார் வீரய்யா. இருவரும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் செடி வெட்டுகிறவர்கள்.

"பத்து மணிக்குத் தெரிஞ்சிரும் மாமா."

லுணுகலைக்கு மேலே, பஸ் போகும் பாதையிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் தோட்டம் அது. சில வருடங்களுக்கு ஒரு முறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. எல்லாவற்றையும் வெட்டினாலும் மூச்சுக் கிளை என்று ஒன்றை மட்டும் இலையோடு விட்டுவைப்பார்கள். வெட்டிய இடங்களில் துளிர் வரும்வரை செடி அந்த ஒன்றால் உயிர் பிழைக்க வேண்டும். கவ்வாத்து முடிந்த மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால், குச்சிக் கூட்டத்துக்கு நடுவே ஆயிரம் பச்சைக் கைகள் உயர்ந்து நிற்பதுபோல் இருக்கும்.

தயாபரனுக்கு வயது நாற்பத்து நான்கு. ஒல்லியான ஆள், கால் மட்டும் நீளம். இடது பெருவிரலில் பாதி நகம் இல்லை. வெறுந்தேத்தண்ணியில் சீனி கலக்கமாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு நக்கிக்கொண்டே குடிப்பார். அந்தச் சீனியையும் விரலால் மூன்று குவியலாகப் பிரித்துவைத்துத்தான் தொடங்குவார். அட்டை கடித்தால் பிய்த்து எறியமாட்டார், அது தானாக விழட்டும் என்று காத்திருப்பார். கத்தி தீட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. பாடப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். செடிக்கறை பட்டால் பக்கம் ஒட்டிக்கொள்ளுமாம்.

பாடப் புத்தகம் பதினோராம் வகுப்புக் கணிதம். சாதாரண தரப் பரீட்சையில் மற்ற எல்லாப் பாடத்திலும் அவர் பத்தொன்பது வயதிலேயே சித்தியடைந்துவிட்டார். கணக்கு மட்டும் நான்கு முறை எழுதி நான்கு முறையும் கைவிட்டது. நாலாவது முறை முடிந்தபோது கொப்பிகளை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிட்டார். அதைத் திரும்ப இறக்கவைத்தது ஏழாம் நம்பர் மலை.

மூன்று வருடத்துக்கு முன் புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மூச்சுக் கிளையையும் சேர்த்து வெட்டச் சொன்னார். வறட்சிக் காலம். தயாபரன் நேரே போய், "வேணாம் சேர், செடி தாங்காது" என்றார். "நீர் என்ன படிச்சிருக்கீர்?" என்று திருப்பிக் கேட்டார் அவர். ஏழாம் நம்பரில் பாதிச் செடி பட்டுப்போயிற்று. அந்த உத்தியோகத்தரும் மாற்றலாகிப் போய்விட்டார். செடி மட்டும் திரும்ப வரவில்லை.

இப்போது அந்த உத்தியோகத்தர் வேலைக்குத் தோட்டத்துக்குள்ளிருந்தே ஆள் எடுக்கிறார்கள். நிபந்தனை இரண்டு: வயது நாற்பத்தைந்து ஆகியிருக்கக் கூடாது, கணக்குப் பாஸ் இருக்க வேண்டும். தை பிறந்தால் தயாபரனுக்கு நாற்பத்தைந்து. அதாவது, இந்த ஐந்தாவது தடவைதான் கடைசித் தடவை.

"எனக்கு நாற்காலி வேணாம். வெட்டாதேன்னு சொன்னா வெட்டாம இருக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

நாலாவது தடவை அவரைக் கைவிட்ட கேள்வியைத் தோட்டமே அறியும். சுட்டிச் சமன்பாடு: 3ˣ = 81, x என்ன? கேள்வியைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் பொங்கியது. ஒன்றை வெட்டினால் மூன்று துளிர், ஒவ்வொரு துளிரையும் வெட்டினால் இன்னும் மூன்று; இது கவ்வாத்துக் கணக்கல்லவா! ஓரத்தில் ஒரு செடி வரைந்து வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் விடை எழுதினார்: "81 வராது." மண்டபத்தைவிட்டு அன்று அவரளவு சந்தோசமாக வெளியே வந்தவர் யாருமில்லை.

லுணுகலையில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை டியூசன். கணக்குச் சொல்லித்தரும் ஜஸீல் சேருக்கு இருபத்தேழு வயது. பதினாறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்குப் பின்னால், கடைசி வாங்கில், முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தயாபரன் உட்கார்ந்திருப்பார். முதல் நாளே ஜஸீல் கேட்டார்: "அண்ணே, மூணை மூணால பெருக்கிட்டே போனா எண்பத்தொண்ணு வரும்தானே. ஏன் வராதுன்னு எழுதினீங்க?"

"வெட்டிப் பாருங்க சேர். மொதல் வெட்டுல மூணு. அடுத்த தரம் ரெண்டத்தான் வெட்டணும், ஒண்ண மூச்சுக்கு விடணும். ரெண்டு மூணு ஆறு, விட்டது ஒண்ணு, ஏழு. அதுக்கப்புறம் ஆறு வெட்டு, பதினெட்டு துளிரு, விட்டது ஒண்ணு, பத்தொம்பது. அதுக்கடுத்து அம்பத்தஞ்சு. அதுக்கடுத்து நூத்தி அறுபத்து மூணு. நடுவுல எங்க வருது எண்பத்தொண்ணு?"

"அந்த ஒண்ணையும் வெட்டிட்டா?"

"செடி செத்துரும் சேர்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. முன் வாங்குப் பெண்பிள்ளை கௌசிகா மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஜஸீல் மட்டும் சிரிக்கவில்லை. "புத்தகத்துச் செடி சாகாது அண்ணே" என்றார்.

"அப்ப அது செடியே இல்ல சேர்."

ஜஸீல் சோக்கை எடுத்தார். 3, 7, 19, 55, 163 என்று கரும்பலகையில் எழுதினார். "சரி, உங்க செடியாவே இருக்கட்டும். மூச்சுக் கிளைய வெட்ட வேணாம். கணக்கு முடியும்வரைக்கும் ஒரு பக்கமா ஒதுக்கி வைங்க. நூத்தி அறுபத்து மூணுல மிச்சம்?"

"நூத்தி அறுபத்தி ரெண்டு."

"வெட்டுறதுக்கு எத்தனை கிளையில தொடங்கினீங்க?"

"மூணுல மூச்ச ஒதுக்கினா ரெண்டு."

"அப்ப ஒரு கிளைக்கு எத்தனை?"

தயாபரன் விரலை மடக்கினார். மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்த வேகத்தில் வாங்கு சரிந்து, அதில் இருந்த இரண்டு பையன்கள் தரையில் விழுந்தார்கள்.

"எண்பத்தொண்ணு! வந்துருச்சு சேர்! உள்ளுக்குள்ளயே இருந்திருக்கு சேர்!"

மூன்று, ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று. நாலு வெட்டு. x நாலு. தன் செடியில் ஒரு கிளையைக்கூட இழக்காமல் புத்தகத்து விடைக்கு வந்து சேர்ந்துவிட்டார். அன்று மாலை ஒரு மணி நேரத் தூரத்தையும் அவர் ஓடியே ஏறினார் என்று வீரய்யா சொல்கிறார். வீரய்யா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

அதிலிருந்து படங்குதான் அவருக்குக் கரும்பலகை. 7 × 2ˣ + 1 = 113 என்று காலையில் எழுதிக்கொண்டு மலையேறுவார். தூறல் விழுந்து அழிவதற்குள் விடை வந்துவிட வேண்டும் என்பது அவரே போட்டுக்கொண்ட விதி. முணுமுணுப்பு எப்போதும் ஒன்றுதான்: "ஒதுக்கு. பங்கு போடு. வெட்ட எண்ணு." டியூசன் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சை நெருங்கியபோது, "அங்கிள், மூச்ச ஒதுக்கியாச்சா?" என்பதுதான் வகுப்பில் வணக்கம்.

பதுளையில் பரீட்சை. நரைத்த மீசையும் இஸ்திரி போட்ட சேட்டுமாக அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வேறு பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக எழுந்து, "குட் மோர்னிங் சேர்" என்றார்கள். "உக்காருங்க புள்ளைகளா, நானும் எழுதத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசையைத் தேடினார்.

அன்றைய தாளில் இருந்தது: 5 × 2ˣ + 1 = 161. திரும்பும் பஸ்ஸில் பசறைவரை பிள்ளைகள் புலம்பிக்கொண்டே வந்தார்கள். ஐந்தையும் இரண்டையும் பெருக்கிப் பத்தாக்கிவிட்டு, அதற்கு மேல் நகர வழியில்லாமல் பாதிப் பேர் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கௌசிகாவும் அதில் ஒருத்தி.

"ஏன் புள்ள பெருக்கின? அஞ்சு கெளை தனி, துளிரு தனி" என்றார் தயாபரன். பனி படிந்த பஸ் கண்ணாடியில் விரலால் ஒரு செடி வரைந்தார். "ஒண்ண ஒதுக்கு, நூத்தி அறுபது. அஞ்சு கெளைக்குப் பங்கு போடு, முப்பத்தி ரெண்டு. இப்ப வெட்ட எண்ணு. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்தி ரெண்டு. அஞ்சு வெட்டு."

பின் இருக்கைகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். "அங்கிள், இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கௌசிகா அழாத குறையாகக் கேட்டாள்.

"ஆறு மாசமாச் சொல்றேன் தாயி. நீதான மேசைல படுத்துச் சிரிச்ச?"

பஸ்ஸே சிரித்தது. கௌசிகாவும்தான்.

இன்று பெறுபேறு வரும் நாள். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பிரியும்போது மனைவி ஜெயந்தினி கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஏங்க, எங்க மலையில போன் எடுக்காது. பாஸுன்னா படங்கத் தூக்கிக் காட்டுங்க, எனக்குத் தெரியும். இல்லாட்டி ஒண்ணும் காட்ட வேணாம். அந்திக்கு வந்து சோத்தச் சாப்பிடுங்க."

ஜெயந்தினி கொழுந்து பறிக்கும் மலை பள்ளத்துக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் பெண்கள் பொட்டுப் பொட்டாகத்தான் தெரிகிறார்கள்.

பத்து மணித் தேத்தண்ணி. தயாபரன் உள்ளங்கையில் சீனியைப் போட்டுக்கொண்டார், குவியல் பிரிக்கவில்லை. போனைச் செடி மேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தபோது எடுத்தவர் வீரய்யாதான். எடுத்து, தயாபரனின் காதில் வைத்து, கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அண்ணே!" ஜஸீலின் குரல் மலை முழுக்கக் கேட்டது. "சாதாரணப் பாஸ் இல்லண்ணே! கிரெடிட் பாஸ்! கணக்குக்கு சீ வந்திருக்கு!"

தயாபரன் உள்ளங்கையை மூடிக்கொண்டார். சீனி கையோடு பிசுபிசுத்தது. வீரய்யா தன் தலைத்துண்டை உருவி மேலே வீசி, "டேய் மாப்ள, நாளையிலருந்து ஒன்ன சேர்ன்னு கூப்பிடணுமாடா? என் வாய்ல வராதுடா!" என்று கூவினார். நிரைகளிலிருந்து கவ்வாத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு தயாபரன் படங்கின் முடிச்சை அவிழ்த்தார். காலையில் எழுதிய சமன்பாடு அதில் அழியாமல் இருந்தது. கையில் பிடித்து அசைத்தால் அந்தப் பக்கம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, மலையின் உச்சிச் செடிக்கு ஏறினார். வெட்டாமல் விட்ட அதன் ஒற்றைக் கிளையை வளைத்து, நுனியில் படங்கின் இரண்டு முனையையும் இறுகக் கட்டி, கையை விட்டார். கிளை நிமிர்ந்தது.