மீட்டரம்மாவும் கலந்து போட்ட வால்வுகளும்

தெருவில் அவருக்கு மீட்டரம்மா என்று பெயர். பத்தொன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போயிற்று. எதிரே நின்று பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வார். மின்சாரத்தை அளக்கும் மீட்டர் தயாரிக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். அது மூடப்பட்டதும் வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்.

அவர் கணவரின் தம்பி உணவகங்களில் கிதார் வாசிப்பவன். கடை திறந்த அன்றே அண்ணனிடம், "காது கேக்காதவங்ககிட்ட ஆம்ப்பை யாரு குடுப்பாங்க?" என்றான். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆறு வருடம் அவன் தன் ஆம்ப் பெட்டியைப் பழுதுக்கு வேறு இடத்தில்தான் கொடுத்துவந்தான்.

ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கருகிய வாடை அடித்தது.

"என்ன பண்ணீங்க தம்பி?"

"நாலு பவர் வால்வுல ரெண்டு போயிடுச்சு அண்ணி. அந்த ரகம் எங்கயும் கிடைக்கல. வேற ரகத்துல ரெண்டு இருந்துச்சு. காலு பொருந்துச்சு, சொருகிட்டேன்."

"காலு பொருந்தினா ஆச்சா?"

மூடியைக் கழற்றி இயக்கிப் பார்த்தார். வேறு ரகத்து வால்வுகளின் உள்தகடுகள் செக்கச்செவேலென்று பழுத்தன. சட்டென்று அணைத்தார். அதில் ஒரு பக்கம் இரண்டு வால்வு தள்ளும், மறுபக்கம் இரண்டு இழுக்கும். இருபுறமும் சமமாக மின்சாரம் எடுக்க வேண்டும். அவனோ பழசு இரண்டையும் ஒரு பக்கமும் புதுசு இரண்டையும் மறுபக்கமும் உட்காரவைத்திருந்தான். பழசுக்கென்று வைத்த அளவில் புது ரகம் இரண்டு மடங்கு குடித்தது.

"தூக்கிப் போட்டுடலாமா அண்ணி?"

"இருங்க."

பக்கத்துக்கு ஒரு பழசு, ஒரு புதுசு என்று மாற்றினார். புது ஜோடிக்குத் தனியாக, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றைப் பொருத்தி, அதன் ஓட்டத்தைக் குறைத்தார். பொழுது சாய்வதற்குள் மீட்டர் முள் இருபக்கத்துக்கும் ஒரே கோட்டில் நின்றது.

அவன் வாசித்தான். "நல்லா இருக்கா அண்ணி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதை நீங்கதான் சொல்லணும். எனக்கு முள்ளு சரியா நிக்குது."

"இந்த ஆறு வருஷமா நான்..." என்று ஆரம்பித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். மீதியை அவரால் படிக்க முடியவில்லை. திரும்பச் சொல்லும்படி கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் அவன் குழுவில் இன்னொருவர் தன் பெட்டியைக் கொண்டுவந்து, தனக்கும் கலந்து போடச் சொன்னார். அதில் இருந்ததே இரண்டு வால்வு. "பக்கத்துக்கு ஒண்ணுதான் இருக்கு, கலந்தா ஒரு பக்கம் சாஞ்சிடும்" என்று சொல்லி, மீட்டரம்மா ஒரே ரக ஜோடியைப் போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துப் பழைய ரகம் கிடைத்தது. கொழுந்தன் வாங்கிவந்து நான்கையும் ஒரே ரகமாகப் போடச் சொன்னான். ஒரே வாரத்தில் திரும்பி வந்தான்.

"முன்ன மாதிரி கலந்தே போட்டுடுங்க அண்ணி."

"ஏன், என்ன வித்தியாசம்?"

"ஒரே ரகமா போட்டா சத்தம் எனக்கு முன்னால ஓடுது. கலந்து போட்டா... எப்படிச் சொல்றது..." சத்தம் பரவி அடங்குவதுபோல் கைகளை விரித்துக் காட்டினான், பிறகு குறுக்கினான்.

அவர் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.