எந்தக் காதில் பாடுவது?

சித்தூரில் எங்கள் சபையின் தமிழ் ஆராதனையில் கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பவன் நான். முதல் அடியை நான் தனியாகப் பாடுவேன். சபை அதே சுருதியில் பின்னால் வரும். வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே பதவி. அதுவும் ஒரு சளியில் ஆட்டம் கண்டது.

சளி போனபின் இரண்டு காதும் ஒத்துப்போகவில்லை: போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினால் ரிங் சத்தம் சுருதி ஏறியது.

"ஒத்துமையா இருந்தப்பவே நான் சொல்றது ரெண்டுத்திலயும் ஏறல," என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு கீபோர்டு என் இடப்பக்கம். அது கொடுத்த சுருதியை இடது காது உயர்த்திச் சொன்னது, நம்பி எடுத்துவிட்டேன். பாடுகிறவர் எங்கே போனாலும் வாத்தியம் பின்னாலேயே போக வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். கீபோர்டு தம்பி சுருதியை ஏற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி என்னைப் பிடித்தார். என் இடது காது அதையும் உயர்த்தியது. நான் இன்னும் ஏற, அவர் மறுபடி அமுக்க, அலிபிரியில் திருமலைப் படியேற ஆரம்பித்தவர்கள் மாதிரி ஏறிக்கொண்டே போனோம். சரணத்தில் பெண்கள் பக்கம் வாய் மட்டும் அசைந்தது. ஆண்கள் பக்கம் இருமல்.

"அறுப்பின் பண்டிகைக்கும் இப்படின்னா, வாலிபர் சங்கத்துல யாராச்சும் எடுக்கட்டும்," என்றார் போதகர், மிகுந்த அன்போடு.

திருப்பதி காது டாக்டர் விளக்கினார்: உள்காதில் வாசல் பக்கம் கீச்சுக்குரலுக்கு, உள்ளே போகப்போகக் கட்டைக்குரலுக்கு. எங்கள் வீடும் அப்படித்தான். வாசலில் மனைவி, கடைசி அறையில் நான். சளியில் இடது காதுக்குள் அந்த வரிசை கொஞ்சம் நகர்ந்துவிட்டதாம்.

"தக்கிப்போதுந்தி சார், தானா குறைஞ்சிடும்," என்றார் தெலுங்கும் தமிழுமாக.

"பண்டிகைக்கு முன்னாலயா?"

"அதைக் காதைத்தான் கேக்கணும்."

காது பதில் சொல்லாமலே பண்டிகை வந்துவிட்டது. கீபோர்டை வலப்பக்கம் வைக்கச் சொன்னேன்.

"அங்க பிளக் இல்லண்ணா. எந்தக் காதுல பாடப்போறீங்கன்னு சொல்லிடுங்க, பட்டன்மேல விரல் வச்சிக்கினே இருக்கேன்."

இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எடுத்தேன். அடைத்த காதுக்குள் என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. இத்தனை வருடம் சபை எதைப் பொறுத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் சுருதி நின்றது. சரணத்தில் பெண்கள் பக்கம் முழுத் தொண்டையில் பாடியது. தம்பி பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

வெளியே வரும்போது போதகர் என் இடப்பக்கமாக வந்து ஏதோ சொன்னார். சிரித்துத் தலையாட்டினேன்.

"என்ன சொன்னாரு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கிறிஸ்மஸுக்கும் நீங்களே எடுங்கன்னாரு. பஞ்சோட."