விஸ்வநத்தத்தில் ஒரு நிமிடம்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன். தோளில் ஐந்தடி நீளப் பை. சிவகாசி பஸ்ஸில் டிக்கெட் முப்பது ரூபாய். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன, தூண்டிலா?"

"பட்டம்ணே."

"இம்புட்டு நீளத்துக்கா? அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் போடணுமே" என்றார். போடவில்லை.

சாதாரணப் பட்டம் காற்று சொன்னபடி கேட்கும். என்னுடையது நான்கு கயிற்றுப் பட்டம். வாலில்லை. கைக்கொரு பிடி. ஒவ்வொரு பிடியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரு கயிறு. மணிக்கட்டை மடக்கினால் பட்டம் நிற்கும், பின்னால் நகரும், தலைகீழாகத் தொங்கும். பழையதாக வாங்கியே பதினாலாயிரம். சென்னைக் கடற்கரையில் கூட்டாகப் பட்டம் விடும் குழுவுக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தரைக்கு ஒரு முழம் மேலே, தலைகீழாக, ஒரு முழு நிமிடம் அசையாமல் நிறுத்தி வீடியோ அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள். கோவையில் என் மொட்டைமாடிக் காற்றுக்கு அது நடக்காத காரியம்.

"ஆடி மாசம் எங்க ஊருக்கு வாடி, காத்து ஆளையே தூக்கும்" என்றிருந்தாள் ஜெனிபர். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இப்போது திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் டிசைனர். கண்மாய்க்குப் போ என்றுதான் சொன்னாள். தண்ணீரில்லாத கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல முள். விஸ்வநத்தம் பக்கம் சுத்தமான பொட்டல் ஒன்று கண்ணில் பட்டது. கிழக்கே நூறு தப்படியில் பட்டாசு கம்பெனியின் கம்பிவேலி. என் கயிறோ இருபத்தைந்து மீட்டர்தான். போதுமே என்று நினைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு நல்ல மேற்குக் காற்று. போனை முக்காலியில் நிறுத்திப் பட்டத்தை ஏற்றினேன். நான்காவது முயற்சியில் ஆணி அடித்ததுபோல் நின்றது. நாற்பது, நாற்பத்தொன்று... கம்பெனி வாட்ச்மேன் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏத்தா, எறக்கு! மொதல்ல எறக்கு!"

"இருபது செகண்ட்ணே, ப்ளீஸ்."

"அங்கன பாரு!"

பார்க்கவில்லை. கண்ணைப் பட்டத்தை விட்டு எடுத்தால் கை ஆடிவிடும். அறுபது எண்ணிய பிறகுதான் இறக்கினேன். அதன் பிறகுதான் பார்த்தேன்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே இருபது பெண்கள். பன்னிரண்டு மணி வெயில், சரளைக்கல், ஒருத்தர் காலிலும் செருப்பில்லை. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். முத்துமாரி என்ற அக்கா முன்னால் வந்தார்.

"உள்ள வெடி காயப்போட்டிருக்கோம். ஏதாவது புதுசாக் கண்ணுல பட்டா என்ன ஏதுன்னு கேக்க மாட்டோம். ஒருத்தி எந்திரிச்சா எல்லாரும் எந்திரிச்சு வெளிய வந்திருவோம். ரூம் வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பப் பெறகு எடுத்துக்கலாம்."

"கயிறு அறாதுக்கா. நாப்பது கிலோ தாங்கும்."

"அது ஒங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பட்டத்தைத் தொட வந்த இன்னொருத்தி கேட்டாள், "என்ன துணி இது?"

"நைலான்."

தொட வந்த கை பின்னால் போனது. முத்துமாரி அக்கா சிரித்துவிட்டார். "நைலான் சேல கட்டிட்டு வந்தா எங்கள கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக. உரசுனா பொறி வரும்னு. நீங்க ஊருக்கே பாவாட தச்சு வானத்துல காயப்போட்டிருக்கீக!"

"இங்கன விழுந்திருந்தா இன்னைக்கே தீபாவளி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நான் பட்டத்தைச் சுருட்டிப் பையில் திணித்தேன்.

மாலை ஜெனிபர் வீட்டில் வீடியோவைப் பார்த்தோம். பட்டம் துளிகூட அசையவில்லை. அதற்குப் பின்னால், வேலிக்குள், அது நிற்கத் தொடங்கிய முப்பத்தைந்தாவது விநாடியில் ஒரு பச்சைப் புடவை எழுகிறது. பிறகு ஒவ்வொருவராக. யாரும் ஓடவில்லை, கால் உரசாமல் வேகமாக நடக்கிறார்கள். நான் இருபது செகண்ட் கேட்டபோது பாதிப் பேர் இன்னும் உள்ளே.

"பின்னாடி இருக்கிறத வெட்டிரலாம்டி. தெனம் எனக்கு அதான வேல" என்றாள் ஜெனிபர்.

வேண்டாம், இதை அனுப்பப் போவதில்லை என்றேன்.

ஞாயிறு கம்பெனி விடுமுறை. இருந்தும் பொட்டலுக்குப் போகவில்லை. கண்மாயில் காலை முழுக்க நானும் ஜெனிபரும் முள் வெட்டினோம். முந்தின இரவு போனில் அழைத்திருந்தபடி முத்துமாரி அக்காவும் வந்தார். காற்று விட்டுவிட்டு அடித்தது. பதினோரு முயற்சி. அதிகபட்சம் ஐம்பத்திரண்டு விநாடி.

"இன்னும் எட்டுதானா? நேத்து இருபதுல்ல கேட்டீக" என்று போனைப் பிடித்தபடி அக்கா சீண்டினார்.

ஐந்தே முக்காலுக்கு அந்த ஐம்பத்திரண்டையே அனுப்பினேன். விருதுநகர் பஸ்ஸில் பதில் வந்தது: எட்டு விநாடி குறைகிறது, அடுத்த வருடம் பார்க்கலாம்.

கோவையில் வானத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தால் நாங்கள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவோம். சனிக்கிழமை வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிக்கடி பார்க்கிறேன். கடைசிப் பெண் கேட்டைத் தாண்டுவது ஐம்பத்தெட்டாவது விநாடியில்.