ஹார்விக் உயிலின் பதினோராவது வரி

ஜெபமணிக்கு ஐம்பத்துமூன்று வயது. கணவர் சாமுவேலுக்கு ஆகுர்டியில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் நாசரேத்திலிருந்து புனேக்கு வந்தவர். பத்து வருடம் சர்ச்சின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பெயர்த்தெழுதியதில், கோணல் மாணலான ஆங்கிலக் கையெழுத்து எதுவும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் ஏரவாடாவில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் அவரை எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்களின் வம்சாவளிக்காகப் பழைய ஆவணங்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலை. ஒப்பந்தம் மாதாமாதம் புதுப்பிக்கப்படும்.

அந்த வருடம் வந்தது ஹார்விக் குடும்பத்தின் வேலை. அமெரிக்கா விடுதலை அடைந்த புதிதில் ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் மூத்த ஹார்விக். அவர் வழியில் வந்த ஒருவர் இப்போது தேர்தலில் நிற்கிறார். பிரசாரத்துக்கு வம்சப் படம் வேண்டுமாம்.

ஆளுநர் 1796இல் தன் எழுத்தரைக் கொண்டு எழுதிய உயிலில், பதினோராவது வரியில் ஜெபமணி நின்றுவிட்டார். 'என் அடிமை ஹன்னாவிடம் எனக்குப் பிறந்த மகன் டேனியல், இருபத்தொரு வயதில் விடுதலை பெறட்டும்.' மூன்று நாள் உருப்பெருக்கிப் பார்த்தார். வேறு மாதிரிப் படிக்க வழியே இல்லை.

மேற்பார்வையாளர் ப்ரீதி கோயம்புத்தூர்ப் பெண். பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, அந்த வரிய 'வாசிக்க முடியவில்லை'ன்னு போட்டுருங்க. கிளையண்ட் பக்கமே சொல்றாங்க."

"நல்லா தெரியுதே, ப்ரீதி."

"ஷபானா என்ன ஆனாங்கன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இதே பக்கத்தை முதலில் படித்தவள் உடன் வேலை பார்த்த ஷபானா. வாக்குவாதம் செய்த மறுநாள் காலை, அவளுடைய நுழைவு அட்டைக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை.

வீட்டில் சொன்னதும் சாமுவேல் தட்டிலிருந்து கையை எடுத்தார். "நீ எதுக்கு இதுல தலையக் குடுக்க? தெரியலன்னு போட்டுட்டு வா. கோர்ட்டு கேசுன்னு இழுத்தா நம்மளால முடியுமா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மறுநாள் அந்த வரியை உள்ளபடியே அடித்து அனுப்பினார் ஜெபமணி.

இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு ஹார்விக் குடும்பத்தின் வழக்கறிஞர் வீடியோவில் வந்தார். சிரித்தபடியே ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் கையெழுத்து நிபுணரா?"

"இல்லை."

"பிறகு எந்தத் தைரியத்தில் இதை எழுதினீர்கள்?"

"இதே எழுத்தர் எழுதிய நாற்பது பக்கங்களையும் நான் படித்திருக்கிறேன். டேனியலின் முதல் எழுத்தான 'டி'யை எல்லா இடத்திலும் இப்படித்தான் வளைக்கிறார்."

வழக்கறிஞர் அவருடைய முழுப்பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கதவு திறந்தது. ஆனால் ஹார்விக் வேலையிலிருந்து மாற்றிக் பழைய கப்பல் பயணிகள் பட்டியல்களைப் படிக்க உட்கார வைத்தார்கள். வம்சப் படம் டேனியல் இல்லாமலே அச்சானது.

உயிலின் மூலப்பிரதி அமெரிக்காவில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தது. படித்ததன் நகல் ஒன்று தங்களுக்கும் வர வேண்டும் என்பது காப்பகத்தின் நிபந்தனை. ஜெபமணி அடித்து அனுப்பிய அன்றே அந்த வரி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து லொரெய்ன் என்ற பள்ளி ஆசிரியை அதைக் கண்டுபிடித்தார். டேனியலின் வழியில் வந்தவர். தன் குடும்பக் கதைக்கு அதுவரை ஆதாரமே இல்லாமல் இருந்தவர். ஹார்விக் தரப்பு மறுக்கவே, படித்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியைக் காப்பகம் கேட்டது.

"உங்க பேரு வெளிய வரும்க்கா," என்றாள் ப்ரீதி தாழ்ந்த குரலில். "கம்பெனி உங்க பின்னாடி நிக்காது. யோசிச்சுக்கோங்க."

ஜெபமணி எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றார். முகம் கழுவி வந்து கையெழுத்துப் போட்டார். 'ஜெ' கோணிப்போனது.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வீட்டிலிருந்த நாட்களில் வாசலில் மணி அடித்தால் வக்கீல் நோட்டீஸோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல். சாமுவேலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தார். லொரெய்ன் அனுப்பிய வம்சப் படம். ஆளுநரின் பெயரிலிருந்து ஒரு கோடு, ஹன்னாவின் பெயரிலிருந்து ஒரு கோடு. இரண்டும் சேருமிடத்தில் டேனியல்.

"இதுக்காடி இவ்வளவு பயந்தே?" என்றார் சாமுவேல்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றைக்கும் ஜெபமணி சாமுவேலிடம்தான் எடுக்கச் சொல்கிறார்.